ராமையா வீட்டுக் குழு (சிங்கப்பூர்): முயல் பொரியின் இடது கண்

செவ்வாய்க்கிழமை

மாலதி, இரவு 9:14
(படம்)
யாராவது முழித்திருக்கிறீர்களா? பொரிக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இடது கண் ஒழுகுகிறது. முதலில் தண்ணியாகத்தான் வந்தது, தூசி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன், இன்றைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தால் நீர்த்த பால் மாதிரி வெள்ளையாக வருகிறது, கண்ணுக்குக் கீழே முடியெல்லாம் நனைந்து திரி திரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாழினி ஒரே அழுகை.

பெரியம்மா, இரவு 9:17
கண்ணு பட்டிருக்கும் அம்மாடி. பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார்களே. உப்பு மிளகாய் சுற்றிப் போடு. அப்புறம் நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு வைத்துக் கண்ணில் ஒற்று. உன் அம்மாவுக்குச் சின்ன வயதில் கண் சிவந்தால் எங்கள் ஆத்தா அதைத்தான் செய்வாள்.

தினேஷ், இரவு 9:18
முயலுக்குக்கூடத் திருஷ்டியா பெரியம்மா

தினேஷ், இரவு 9:18
அக்கா, என்னிடம் காண்டாக்ட் லென்ஸ் தண்ணி ஒரு முழுப் பாட்டில் இருக்கிறது, கழுவ வேண்டுமானால் கொண்டுவரவா?

மாலதி, இரவு 9:21
வேண்டாம்டா, மருந்து இருக்கிறது. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் பாதி மிச்சம் இருந்தது, நேற்று இரவு ஒரு சொட்டு, காலையில் ஒரு சொட்டு விட்டேன். என் வீட்டுக்காரருக்குப் போன மாதத்திலிருந்து ஓவர்டைம் இல்லை, கிளினிக் போனால் 300, 400 வெள்ளி என்கிறார்கள், அதனால்தான்.

காயத்திரி, இரவு 9:26
அக்கா நிறுத்துங்கள். அந்தப் பாட்டில் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள், இப்போதே.

மாலதி, இரவு 9:28
(படம்)

காயத்திரி, இரவு 9:31
நினைத்தேன். டெக்ஸாமெத்தசோன் என்று இரண்டாவது வரியில் இருக்கிறது பாருங்கள், அது ஸ்டீராய்டு. ஆபரேஷன் முடிந்த மனுஷர் கண்ணுக்கு வீக்கம் குறைக்கக் கொடுப்பது. முயல் கண்ணில் புல் குத்திக் கீறல் விழுந்திருந்தால் இந்த மருந்து அதை ஆறவிடாது, புண் ஆழமாகிக் கண்ணே போய்விடலாம், அதுவும் முயலுக்கு ஸ்டீராய்டு என்றாலே ஆகாது. நான் வேலை பார்த்த பிராணி கிளினிக்கில் இதையே வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். தினேஷ், உன் லென்ஸ் தண்ணியும் வேண்டாம், அது லென்ஸ் கழுவுகிற மருந்து, உப்புநீர் கிடையாது.

சுமதி அண்ணி, இரவு 9:33
என்னிடம் அமாக்ஸிசிலின் மாத்திரை நாலைந்து இருக்கிறது, சீழ் மாதிரி இருந்தால் பொடி பண்ணித் தரலாமே?

காயத்திரி, இரவு 9:34
ஐயோ அண்ணி, அது கண்ணைவிட மோசம். முயலுக்கு அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துக் கெட்டது பெருகி, கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போய் முயலே போய்விடும்.

சுமதி அண்ணி, இரவு 9:35
சரி சரி, நான் வாயைத் திறக்கவில்லை

மாலதி, இரவு 9:36
எனக்குக் கை நடுங்குகிறது. இரண்டு சொட்டுதான் விட்டேன். இப்போது என்ன செய்யட்டும்?

காயத்திரி, இரவு 9:37
முதலில் சொல்லுங்கள், சாப்பிடுகிறதா? புழுக்கை போடுகிறதா?

மாலதி, இரவு 9:39
கொத்தமல்லி கொடுத்தால் பிடுங்கித் தின்கிறது. புழுக்கை கூண்டு நிறைய.

காயத்திரி, இரவு 9:43
அப்பாடா. அப்படியானால் இன்று இரவு ஓட வேண்டாம், நாளைக்குப் போனால் போதும். ஆனால் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று இறுக்கி மூடினாலோ, கருவிழி மேல் நீலமாகப் புகை படிந்த மாதிரி தெரிந்தாலோ, கண் வெளியே பிதுங்கி வந்தாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ காத்திருக்கக் கூடாது, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் குடல் ஓட்டம் நின்றுவிடும், அது உயிருக்கே ஆபத்து.

இப்போதைக்குத் துடைத்து மட்டும் விடுங்கள். மருந்துக்கடையில் 0.9 விழுக்காடு உப்புநீர், ஒரு தடவை உடைத்துப் பயன்படுத்துகிற சின்னச் சின்ன குப்பி கிடைக்கும், அதில் ஒன்றை வெதுவெதுப்பாக்கி காஸ் துணியில் நனைத்துக் காய்ந்ததை ஊறவிட்டு எடுங்கள், இழுக்காதீர்கள், கீழே தோல் வெந்திருக்கும். பஞ்சு வேண்டாம், நூல் நூலாகக் கண்ணில் ஒட்டும். துடைத்த பிறகு முடியை உலரவும் விடுங்கள்.

பெரியம்மா, இரவு 9:45
நந்தியாவட்டை?

காயத்திரி, இரவு 9:46
கோயிலுக்கு வையுங்கள் பெரியம்மா. கண்ணுக்குள் வேண்டாம்.

மாலதி, இரவு 9:52
காயு, உண்மையைச் சொல்கிறேன், இந்த மாதம் 200 வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது. யாழினி தன் உண்டியலை உடைக்கிறேன் என்கிறாள், அதில் 31 வெள்ளி இருக்கிறது.

காயத்திரி, இரவு 9:58
200க்குள் பார்க்கலாம் அக்கா. காசு இல்லாதபோதுதான் டாக்டரிடம் முதலில் போக வேண்டும் என்று நான் சொல்வேன், ஏனென்றால் கண் ஒழுகுவதற்குக் காரணம் ஐந்தாறு இருக்கிறது, புண்ணா, கிருமியா, கண்ணீர்க் குழாய் அடைப்பா, பல்லா என்று தெரியாமல் கடையில் 20 வெள்ளி, 30 வெள்ளி என்று மருந்து வாங்கிக் கொட்டினால் கடைசியில் அந்த 200ஐயும் தாண்டிவிடும். நாளைக் காலை போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: முயல் பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா, ஏனென்றால் இங்கே நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக் நிறைய. ஆலோசனைக்கு எவ்வளவு. கண்ணில் சாயம் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு எவ்வளவு. உள்ளே போனதும் டாக்டரிடம், என்னிடம் 200தான் இருக்கிறது, இன்றைக்குச் செய்தே ஆக வேண்டியது எது, தள்ளிப்போடக்கூடியது எது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்கள் கிளினிக்கில் தினமும் வந்த கேள்விதான். அந்த ஸ்டீராய்டு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

தினேஷ், இரவு 10:01
அரசாங்கம் கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டு வாங்குவார்களா?

மாலதி, இரவு 10:02
அதையும் கேட்கிறேன் இரு

செல்வம் மாமா, இரவு 10:20
இப்போதுதான் பார்க்கிறேன். பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் முயலை ஏற்றவிட மாட்டார்கள், வழிகாட்டி நாய்க்கு மட்டும்தான் அனுமதி. மாலதி, நான் நாளைக்கு 11 மணிக்கு வண்டியோடு உன் பிளாக் கீழே வருகிறேன், காசு பேச்சு எடுக்காதே. ஒன்றே ஒன்று, கூடைக்குள் பழைய தமிழ் முரசு நாலு தாள் கனமாகப் போட்டு வை, போன தடவை ஒருவருடைய பூனை சீட்டில் போனதற்கு இரண்டு நாள் ஓட்ட முடியவில்லை.

புதன்கிழமை

மாலதி, காலை 9:40
மூன்று இடத்தில் கேட்டேன். ஓர் இடத்தில் முயல் பார்ப்பதில்லை. இன்னோர் இடத்தில் ஆலோசனைக்கே 95. மூன்றாவது 60, சாயப் பரிசோதனை 25, 11:30க்கு வரச் சொல்லிவிட்டார்கள். பற்றுச்சீட்டு வாங்க மாட்டார்களாம் தினேஷ், ஆனால் உன் பேச்சால் ஒன்று தோன்றியது, இந்த வாரக் கடைச் சாமானை எல்லாம் பற்றுச்சீட்டில் வாங்கிவிட்டு அந்தக் காசை இதற்கு எடுத்துவைத்துவிட்டேன்.

செல்வம் மாமா, காலை 11:21
இறக்கிவிட்டேன். தாள் நனையவில்லை. நல்ல முயல்.

மாலதி, மதியம் 1:35
வந்துவிட்டோம். ஒழுங்காக எழுதுகிறேன், நாளைக்கு நானே மறந்துவிடுவேன்.

டாக்டர் சின்னப் பெண்தான், யாழினியைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும், ஆனால் கை அவ்வளவு நிதானம். பொரியை ஒரு துண்டில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மல்லாக்கப் பிடிக்கவே கூடாதாம், உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடுமாம், யாழினி இத்தனை நாள் குழந்தை மாதிரி மல்லாத்திக் கொஞ்சியதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பிறகு ஆரஞ்சு நிறச் சாயத் தாள் ஒன்றின் நுனியை நனைத்து இரண்டு கண்ணிலும் தொட்டு, விளக்கை அணைத்து நீல வெளிச்சம் அடித்தார். கீறல் இருந்தால் பச்சையாக ஒளிருமாம். நான் மூச்சே விடவில்லை. ஒன்றும் இல்லை. முருகா.

அப்புறம்தான் வேடிக்கை. கண்ணில் விட்ட சாயம் மூக்கு வழியாக வர வேண்டுமாம். வலது மூக்கில் கொஞ்ச நேரத்தில் பச்சைப் பச்சையாக வந்தது, சளி பிடித்த பிள்ளை மாதிரி. இடது மூக்கு காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கக் கண்ணீர்க் குழாய் அடைத்துப் போயிருக்கிறது.

காயத்திரி, மதியம் 1:38
நினைத்தேன், அந்தப் பால் நிறத்தைப் பார்த்ததும். நமக்கு ஒரு கண்ணுக்கு மேலும் கீழும் கண்ணீர் வடிகிற துளை இரண்டு, முயலுக்குக் கீழே ஒன்றே ஒன்றுதான், அதிலிருந்து போகிற குழாயும் மேல்பல் வேரை உரசிக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. கழுவினார்களா?

மாலதி, மதியம் 1:44
கழுவினார்கள். மரத்துப்போகிற சொட்டு விட்டு, நூல் கனத்தில் ஒரு குழாயைக் கீழ் இமைக்குள் அந்தத் துளையில் நுழைத்து உப்புநீரை மெல்ல மெல்லத் தள்ளினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை தயிர் திரிந்த மாதிரி ஒரு கட்டி மூக்கு வழியாக வந்தது பாருங்கள், பொரி அதை டாக்டர் கோட்டிலேயே தும்மிவிட்டது. மூன்றாவதில் சுத்தமான தண்ணீர்.

காது பார்க்கிற குழல் மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டுப் பின் பல்லையும் பார்த்தார். கொஞ்சம் கூர் தட்டியிருக்கிறது, வேரும் நீண்டு குழாயை அழுத்தலாம், எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதி என்றார். நான் காயு சொல்லிக்கொடுத்ததை அப்படியே கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. இன்றைக்கு எக்ஸ்ரே கட்டாயம் இல்லை, சாப்பிடுகிறது, எடையும் குறையவில்லை, இரண்டு வாரம் பார்ப்போம், மறுபடி அடைத்தால் அப்போது எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

கணக்கு: ஆலோசனை 60, சாயம் 25, கழுவியது 65, சொட்டு மருந்து 22, அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. மொத்தம் 187 வெள்ளி 48 காசு. யாழினி உண்டியல் தப்பியது.

சுமதி அண்ணி, மதியம் 1:50
பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? புரியவில்லை

காயத்திரி, மதியம் 1:57
முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் அண்ணி, முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வாக்கில். நாள் முழுக்கக் காய்ந்த புல்லை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் தேயும். தேயாவிட்டால் வேர் பின்னால் தள்ளும், குழாய் நசுங்கும், கண்ணீர் போக வழியில்லாமல் தேங்கிக் கிருமி சேரும். அக்கா கோபித்துக்கொள்ளாதீர்கள், பொரிக்கு என்ன போடுகிறீர்கள்?

மாலதி, மதியம் 2:03
கிண்ணம் நிறைய பெல்லட் தீவனம். கேரட். சாயங்காலம் ஆப்பிள். புல் மூட்டை விலையைப் பார்த்துவிட்டு, ஒரு பிடிதான் ஓரத்தில் வைப்பேன், அதுவும் தின்னாது என்று வாங்குவதையே குறைத்துவிட்டேன். அதில் மிச்சம் பிடித்ததைத்தான் இன்றைக்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

தினேஷ், மதியம் 2:05
பிளாக் கீழே புல் சும்மாதானே வளர்கிறது

காயத்திரி, மதியம் 2:11
கொசு மருந்து அடிக்கிற இடம்டா அது, நாய் ஒன்றுக்குப் போகிற இடமும் அதுதான். என் வீட்டு கினிப்பிக்குக்கு டிமதி என்கிற காய்ந்த புல்லைப் பெரிய மூட்டையாக வாங்குகிறேன், கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் சின்னப் பையைவிட ரொம்ப மலிவு. ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு அது முடிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும், எப்போதும் கால்வாசி வீணாகிறது. பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, காசையும் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். தூசியை மட்டும் காரிடாரில் உதறிவிட்டுப் போடுங்கள். பெல்லட்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொண்டுவாருங்கள். கேரட் ஆப்பிள் எல்லாம் நமக்குக் கேசரி மாதிரி, எப்போதாவது. கூண்டுத் தட்டைத் தினமும் கழுவுங்கள், மூத்திர நெடியும் கண்ணை எரிக்கும்.

பெரியம்மா, மதியம் 2:15
அது கேசரி சாப்பிடுமா?

மாலதி, மதியம் 2:20
இல்லை பெரியம்மா. மருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள். காலை ஆறு மணிக்கு யாழினி பள்ளிக்குக் கிளம்பும் முன்பு நான், இரவு அவர். மதியத்துக்குத்தான் ஆள் இல்லை என்று நினைத்தேன், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், தானே முன்வந்து நான் வந்து விடுகிறேன் என்கிறார், அவரும் முன்னே முயல் வளர்த்தவராம்.

காயத்திரி, மதியம் 2:24
நல்லது. பின்னாலிருந்து கை கொண்டுபோகச் சொல்லுங்கள், மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது, திடுக்கிடும். கீழ் இமையை லேசாக இழுத்து ஒரே சொட்டு, பாட்டில் நுனி கண்ணில் படக் கூடாது. பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள், பத்து நாள் முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று ஃபிரிட்ஜில் எடுத்துவைக்காதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாலதி, மதியம் 2:25
அத்தை பாட்டிலைக் கிளினிக்கிலிருந்து வந்ததுமே குப்பையில் போட்டுவிட்டேன் அம்மா

சனிக்கிழமை

மாலதி, காலை 8:05
(படம்)
நான் யாழினி, அம்மா போனில். பொரி கண் காய்ந்துவிட்டது பாருங்கள்!! இன்றைக்கு வெள்ளையாக ஒன்றும் இல்லை. மக்சிக் வந்தால் மட்டும் பொரி ஓடுவதில்லை, எங்களைப் பார்த்தால் சோபாவுக்குக் கீழே போய்விடுகிறது. புல் முதலில் தின்னவில்லை, கொத்தமல்லியை நடுவில் ஒளித்து வைத்தேன், இப்போது தின்கிறது, கர் கர் என்று சத்தம் என் அறை வரைக்கும் கேட்கிறது.

காயத்திரி, காலை 8:12
கெட்டிக்காரி. காய்ந்தாலும் மருந்தை நிறுத்தாதே, பத்து நாளும் விட வேண்டும், சரியா?

செல்வம் மாமா, காலை 8:30
இரண்டு வாரம் கழித்து மறுபடி போகிற தேதியை இப்போதே சொல்லிவிடு மாலதி, நான் குறித்துக்கொள்கிறேன்.

பெரியம்மா, காலை 8:41
நான் அன்று ராத்திரியே சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனுக்குக் கண்மலர் வைப்பதாக வேண்டிக்கொண்டேன், யாரும் சிரிக்காதீர்கள். நேற்று தேக்கா கடையில் போய்க் கேட்டால் ஜோடியாகத்தான் கொடுப்பேன் என்கிறான். பொரிக்கு இடது கண் மட்டும்தானே. இன்னொன்றை என்ன செய்ய?

மாலதி, காலை 8:44
வலது கண்ணுக்கு முன்பணமாக வைத்துவிடுங்கள் பெரியம்மா