டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்: 28 தொடர் தோல்விகளுக்குப் பிறகு 44 வெற்றிகள் எப்படி வந்தன?

கேள்வி: பெருமாள்மலை பாலா

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் மாலை வேளைகளில் மாணவர்கள் சிலருக்குக் கூடைப்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் ஒருவன் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் தீவிர ரசிகன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்கள் நம் நேரப்படி விடியற்காலையில் நடப்பதால், டிசம்பர் உறைபனியில்கூடக் கம்பளிக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு பார்த்துவிடுவான். அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

2023-24 சீசனில் பிஸ்டன்ஸ் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றது. அதன் பிறகு அக்டோபர் 30 முதல் டிசம்பர் 28 வரை ஒரு வெற்றிகூட இல்லாமல் 28 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. ஒரே சீசனுக்குள் வேறு எந்த அணியும் அத்தனை ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றதில்லை. சீசன் முடிவில் கணக்கு 14 வெற்றி, 68 தோல்வி. அடுத்த ஆண்டே அதே அணி 44 ஆட்டங்களை வென்று பிளே ஆஃப் சுற்றுக்குப் போனது. கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டுரென், அசார் தாம்சன் ஆகிய முக்கிய ஆட்டக்காரர்கள் இரண்டு ஆண்டுகளிலும் இருந்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள் இரண்டு மாதம் தோற்றுக்கொண்டே இருக்க முடியுமா? வேண்டுமென்றே தோற்றார்களா? இல்லையென்றால் அடுத்த ஆண்டு மாறியது எது?

பதில்: பூம்பாறை செல்வன்

பாலா அவர்களே, என்பிஏ அமைப்பில் தோற்பதற்கும் ஒரு பலன் உண்டு என்பதை முதலில் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாருக்கு முதல் வாய்ப்பு என்பதை 1985 முதல் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். பட்டியலின் அடியில் இருக்கும் அணிகளுக்கு அந்தக் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். 1996-97 சீசனில் அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடாமல் போக, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 20 ஆட்டங்களை மட்டுமே வென்றது. அந்தக் கோடையில் குலுக்கலில் முதலிடம் விழுந்து டிம் டங்கன் வந்தார். 1999ல் கோப்பையும் வந்தது. பிலடெல்பியா நிர்வாகமோ 2013 முதல் தோற்று நல்ல டிராஃப்ட் வாய்ப்பைப் பெறுவதையே கொள்கையாகக் கொண்டு, 2015-16 சீசனில் 10 வெற்றி, 72 தோல்வி என்ற நிலை வரை போனது. இந்த வரலாறு இருக்கும்போது டெட்ராய்ட் மட்டும் மனப்பூர்வமாகப் போராடித் தோற்றது என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

பதில்: செண்பகனூர் மேரி டீச்சர்

செல்வன் சொன்ன வரலாறு சரி. ஆனால் 2023-24 டெட்ராய்ட் அணிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தோற்பதற்குத் திட்டமிடும் நிர்வாகம், பீனிக்ஸ் அணியை 2021ல் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன மான்டி வில்லியம்ஸை, ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் கொடுத்துப் பயிற்சியாளராக அழைத்து வராது. மேலும், 2019 முதல் குலுக்கல் விதிகள் மாறிவிட்டன. முன்பு கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது; மாறிய விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம்தான். டெட்ராய்ட் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டியலில் கடைசியாக வந்தும், இரண்டு முறையும் குலுக்கலில் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அத்தனை தோல்விக்கும் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

உண்மையான காரணம் ஆடுகளத்திலேயே இருக்கிறது. கன்னிங்ஹாம் பந்தோடு வளையத்தை நோக்கிப் போகும்போது எதிரணியின் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று அந்தச் சீசனின் காணொளிகளைப் பார்த்துக் கவனியுங்கள். தாம்சன் மூலையில் நிற்பார். அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டு வளையத்துக்கு அடியில் வந்து நின்றுகொள்வார். தாம்சன் அந்த ஆண்டு தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்தவற்றில் 18.6 சதவீதமே வளையத்துக்குள் விழுந்தன. எறியட்டும் என்று விட்டுவிடுவதில் எதிரணிக்கு நஷ்டமே இல்லை. டுரெனும் வளையத்தடியில் ஆடுபவர் என்பதால் அவரைக் காப்பவரும் அங்கேதான் இருப்பார். ஆக, கன்னிங்ஹாம் ஒருவரைத் தாண்டினால் இன்னும் இருவர் சுவர்போல் நிற்பார்கள். பாஸ் கொடுத்தால் வெளியில் நிற்பவரால் எறிய முடியாது. கொடுக்காவிட்டால் பந்து பறிபோகும். தூரத்திலிருந்து நம்பி எறியக்கூடிய போயான் போக்டனோவிச் காயத்தால் சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியும் களத்துக்கு வரவில்லை. அவர் திரும்புவதற்குள் தோல்வி பழகிவிட்டது.

2024 கோடையில் வந்தவர்களைப் பாருங்கள்: மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ். மூவருமே வெளியிலிருந்து எறியத் தெரிந்த, வயதில் மூத்த வீரர்கள். பீஸ்லி மட்டும் அந்தச் சீசனில் 319 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டார். அவரை விட்டுவிட்டு யாரும் உள்ளே ஓடிவர முடியாது. தாம்சனுக்கு எறிதல் பெரிதாக மேம்பட்டுவிடவில்லை. ஆனால் சுற்றி நிற்பவர்கள் மாறியதும், அவருடைய தற்காப்பும் வேகமும் பயன்படத் தொடங்கின. முந்தைய ஆண்டு பாரமாகத் தெரிந்த அதே பையன், அடுத்த ஆண்டு அணிக்குத் தேவையானவன் ஆனான்.

தம்பி பாலா, இதை உங்கள் மைதானத்திலேயே காணலாம். ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி இறங்கிப் பந்து ஈரமானதும் நம் பையன்கள் தூரத்திலிருந்து எறிவதையே விட்டுவிட்டு, ஐந்து பேரும் வளையத்துக்கு அடியில் முண்டுவார்கள். அதே பழக்கத்தோடு கீழே இறங்கிப் போய் ஆடும்போது, சமவெளி அணிகள் உள்ளே அடைத்துக்கொண்டு நம்மை எளிதாகத் தோற்கடிக்கின்றன.

பதில்: பெருமாள்மலை பாலா

மிக்க நன்றி, டீச்சர். மூடுபனிக் காலப் பழக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை. ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. 28ஆவது தோல்வி பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம் வந்தது. அந்த ஆண்டின் கோப்பையையே வென்ற அணி அது. இடைவேளையில் டெட்ராய்ட் 66-47 என்று முன்னிலையில் இருந்தது. அப்படியிருந்தும் கூடுதல் நேரத்தில் 128-122 என்று தோற்றது. எறியத் தெரிந்தவர்கள் இல்லை என்பதே காரணமானால், முதல் பாதியில் 19 புள்ளி முன்னிலை எப்படி வந்தது? பயிற்சியாளர் மீது தவறு இல்லையா?

பதில்: பெரியகுளம் ராஜா

பாலா தம்பி, பல ஆண்டுகளாக எங்கள் ஊரில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பாதியில் முன்னிலை பெறுவதற்குத் துடிப்பு போதும். கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையைக் காப்பதற்கு வேறு திறன் வேண்டும். தொடர்ந்து தோற்ற அணிக்கு முன்னிலையே ஒரு சுமை. எதிரணி நான்கு புள்ளி எடுத்ததும், "இதோ மறுபடியும்" என்ற எண்ணம் ஐந்து பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் தெரியும். அதன்பின் ஒவ்வொருவரும் தானே காப்பாற்றிவிட நினைத்து அவசரப்படுவார்கள். அந்த நேரத்தில் பந்தை வாங்கி, ஆட்டத்தை நிதானப்படுத்தி, பொறுமையாக இன்னொரு பாஸ் கொடுக்க ஒரு மூத்தவர் வேண்டும். அந்த அணியின் மையமே சிறு வயதுக்காரர்கள். சீசன் தொடங்கும்போது டுரெனுக்கு 19 வயதுதான்.

பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. முதல்நிலை வீரர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் வெளியே உட்கார வைத்து, மாற்று வீரர்கள் ஐந்து பேரை மட்டும் ஆடவிடும் வழக்கம் வில்லியம்ஸிடம் இருந்தது. வலுவில்லாத அணிக்கு அது தாங்காது. முக்கிய ஆட்டக்காரரான ஜேடன் ஐவியைத் தொடக்கத்தில் மாற்று வீரராகவே வைத்திருந்தது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மிச்சமிருந்தும் நிர்வாகம் வில்லியம்ஸை 2024 ஜூனில் நீக்கிவிட்டு ஜே.பி.பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தது.

ஆனால் முழுப் பழியையும் வில்லியம்ஸ் மீது போட முடியாது. 82 ஆட்டச் சீசனில் மிக மோசமான கணக்கு இன்னமும் பிலடெல்பியாவின் பெயரில்தான் இருக்கிறது. 1972-73ல் 9 வெற்றி, 73 தோல்வி. கல்லூரி அணியிலிருந்து வந்த ராய் ரூபின் 51 ஆட்டங்களில் 4ஐ மட்டுமே வென்று நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் மீதமிருந்த 31ல் 5ஐ வென்றார். கொஞ்சம் முன்னேற்றம்தான், ஆனால் அணியின் முதல் நட்சத்திரமான பில்லி கன்னிங்ஹாம் வேறு லீக்குக்குப் போய்விட்ட ஓட்டையைப் புதிய பயிற்சியாளரால் அடைக்க முடியவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வந்த பிறகே, 1976-77ல் அதே அணி இறுதிச் சுற்றை எட்டியது.

பதில்: பூம்பாறை செல்வன்

டீச்சரின் விளக்கத்தையும் ராஜா அண்ணனின் விளக்கத்தையும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்கெல்லாம் அச்சாக இருந்த கேட் கன்னிங்ஹாமே ஒரு தோல்விச் சீசனின் பலன்தான். 2020-21ல் 20 வெற்றி, 52 தோல்வி என்று முடித்ததால்தான் குலுக்கலில் முதலிடம் விழுந்தது. 27ஆவது தோல்வியில் தனியாக 41 புள்ளி எடுத்தவர் அவர். டொராண்டோவை 129-127 என்று வென்று தோல்வித் தொடரை முடித்த அன்றும் 30 புள்ளி எடுத்தார். அந்த ஒருவரும் இல்லாமல் பீஸ்லியை மட்டும் அழைத்து வந்திருந்தால் 44 வெற்றி வந்திருக்காது.

பதில்: செண்பகனூர் மேரி டீச்சர்

அதில் எனக்கு மறுப்பில்லை, செல்வன். பாலா, அந்தப் பையனிடம் இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள்: 44 வெற்றி பெற்ற அந்தச் சீசனையும் டெட்ராய்ட் நான்கு தோல்விகளோடுதான் தொடங்கியது. "மறுபடியும் அதே கதை" என்று ஊரே பேசியபோதும் பிக்கர்ஸ்டாஃப் ஆட்டமுறையை மாற்றவில்லை. உங்கள் பயிற்சியில் அடுத்த சில வாரங்களுக்கு ஒரு விதி வையுங்கள். இருவர் எப்போதும் இரு மூலைகளிலும் நிற்க வேண்டும். பந்து எவ்வளவு ஈரமாக இருந்தாலும், தங்களிடம் வந்த பாஸை வாங்கியவுடன் எறிய வேண்டும். பத்தில் இரண்டுதான் விழும். இருந்தாலும் எதிரணி வெளியே வந்து காக்க வேண்டிய கட்டாயம் வரும் வரை எறிந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஒரு பழைய துண்டை மைதான ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் பந்தைத் துடையுங்கள்.