மான்கறி நிஜமாவே ருசியா இருக்குமா? எனக்கு ரப்பர் மாதிரியும் ஈரல் வாசத்தோடயும் வந்துச்சு

புது_அடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் கூட வேலை பாக்குறவர் லைசென்ஸ் எடுத்து முறையா வேட்டைக்குப் போறவர், இந்த சீசன்ல கிடைச்ச மான்ல 4 கிலோ கறிய பாக்கெட் போட்டு எங்களுக்குக் குடுத்துட்டாரு. ஒரு பாக்கெட்ல முதுகுக்கறி, ரெண்டுல பின்தொடை, ஒண்ணுல எலும்போட முன்னங்கால். எல்லாத்தையும் அப்படியே ஃப்ரீசர்ல வச்சிட்டேன்.

போன ஞாயித்துக்கெழம பின்தொடை பாக்கெட் ஒண்ண எடுத்து, ஆட்டுக்கறிக்கு எப்படி பண்ணுவேனோ அப்படியே துண்டு போட்டு வதக்கி மூடி போட்டு ஒரு முக்கால் மணி நேரம் வேக வச்சேன். துண்டு மெல்லவே முடியல, ரப்பர் மாதிரி வழுக்கிட்டு போகுது. ஈரல் சாப்பிட்ட மாதிரி ஒரு வாசம் வேற. சாப்பாடு கொஞ்சம் ஆறுனதும் உதட்டுலயும் மேல்வாயிலயும் மெழுகு பூசுன மாதிரி ஒட்டிக்கிச்சு, சுடுதண்ணி குடிச்சாதான் போச்சு. என் 6 வயசு பொண்ணு ஒரு வாயோட எழுந்து போயிட்டா.

மான்கறின்னாலே இப்படித்தானா, இல்ல நான் தப்பு பண்ணிட்டேனா? வினிகர்ல ராத்திரி பூரா ஊற வச்சா கவுச்சி போயிடும்னு ஒருத்தங்க சொன்னாங்க, செய்யலாமா? பாக்கெட்ல நிறைய ரத்தம் நிக்குது, அத கழுவணுமா? இன்னொன்னு, என் நாத்தனார் மாசமா இருக்காங்க, அடுத்த வாரம் வராங்க, அவங்களுக்குக் குடுக்கலாமா? மிச்சம் 3 பாக்கெட்டையும் வீணாக்க மனசு வரல, ஒரு உயிர் போய்த்தான இது நம்ம வீட்டுக்கு வந்திருக்கு.

கத்திமுனை:

சகோதரி, நீங்க சொன்ன மூணு குறைக்கும் தனித்தனி காரணம் இருக்கு, மூணையும் சரி பண்ணலாம், கறி மேல தப்பு இல்ல. நான் வருஷாவருஷம் மான் உரிச்சு பிரிச்சுக் குடுக்குற வேலை பாக்குறவன், அதனால கத்தி பக்கத்து விஷயத்த மட்டும் சொல்றேன்.

அந்த மெழுகு இருக்கே, அது மான் கொழுப்பு. மத்த கறில கொழுப்புதான் ருசின்னு நமக்குப் பழகிப் போச்சு, மான்ல அது அப்படியே தலைகீழ். மான் கொழுப்பு வாய்ச் சூட்டுக்கு உருகாது, தட்டுல சூடு ஆற ஆற வெள்ளையா உறைஞ்சிடும், நாக்குல படிஞ்சு அந்தக் காட்டு வாசத்தையும் பிடிச்சு வச்சுக்கும். ஃப்ரீசர்ல ரொம்ப நாள் இருந்தா சிக்கு வாசமும் மொதல்ல கொழுப்புலதான் ஏறும். அதனால கண்ணுக்குத் தெரியுற வெள்ளைக் கொழுப்பு ஒரு பொட்டு விடாம வழிச்சு எடுத்துடுங்க. எண்ணெய்ப்பசை வேணும்னா வெண்ணெயோ வேற கொழுப்போ நீங்களா சேத்துக்கலாம்.

அடுத்தது சவ்வு. முதுகுக்கறி மேல வெள்ளி மாதிரி மினுமினுன்னு ஒரு உறை போத்துன மாதிரி இருக்கும் பாருங்க, அது எவ்வளவு நேரம் வெந்தாலும் கரையாது, சூடு பட்டதும் சுருங்கி கறியையும் சேத்து முறுக்கிடும். மெல்லிசான கத்திய சவ்வுக்கு அடியில ஒரு ஓரத்துல சொருகி, கத்தியோட வாய் கொஞ்சம் மேல பாக்குற மாதிரி சாச்சு, இன்னொரு கையால சவ்வு நுனிய இறுக்கி இழுத்துப் பிடிச்சுட்டு கத்திய முன்னால தள்ளிட்டே போங்க. சரியா போனா சவ்வு ரிப்பன் மாதிரி வரும், அதுல கறி ஒட்டியிருக்காது. ஒட்டிட்டு வந்தா கத்தி கீழ சாயுதுன்னு அர்த்தம். நல்லா குளுந்து கெட்டியா இருக்கும்போது செஞ்சா சுலபம்.

பின்தொடைய நேரா துண்டு போட்டுடாதீங்க. அது ஒரே சதை இல்ல, நாலஞ்சு சதை ஒண்ணோட ஒண்ணு படுத்திருக்கும், நடுவுல லேசா கோடு தெரியும், அந்தக் கோட்டுல விரல விட்டாலே பிரிஞ்சு வந்துடும். தனித்தனியா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் சவ்வ எடுத்துட்டா அப்புறம் நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெளிவா தெரியும், நாருக்குக் குறுக்கால வெட்டணும். நார் போற வாக்குலயே வெட்டுனா எப்பேர்ப்பட்ட சமையல்காரரும் காப்பாத்த முடியாது.

பாக்கெட்ல நிக்குறது ரத்தம் இல்லம்மா, கறில இருக்குற தண்ணி, சதைக்கு நிறம் குடுக்குற பொருள் அதுல கலந்து சிவப்பா தெரியுது. கழுவ வேண்டாம், துணியாலயோ பேப்பராலயோ ஒத்தி எடுத்தா போதும். ஈரம் இருந்தா சட்டில சிவக்காது.

மெதுவா_வேகட்டும்:

மேல அண்ணன் சொன்னத அப்படியே செய்ங்க. நான் அடுப்பு பக்கத்த சொல்றேன்.

மான்கறிக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு அதிக சூட்டுல சட்டுனு முடிக்கணும், இல்லன்னா சின்னத் தீயில மணிக்கணக்கா விடணும். நீங்க செஞ்ச முக்கால் மணி நேரம் சரியா நடுவுல மாட்டிக்கிச்சு. 65 டிகிரிய தாண்டுனதும் நார் சுருங்கி உள்ள இருக்குற தண்ணிய பிழிஞ்சு வெளிய தள்ளிடும், ஆனா சதைய இணைச்சுக் கட்டி வச்சிருக்குற விறைப்பான இணைப்புத் திசு இளகி பசையா மாறணும்னா 70க்கு மேல ரொம்ப நேரம் நிக்கணும். முக்கால் மணில தண்ணியும் போச்சு, இளகவும் இல்ல. ஆட்டுக்கறில நடுநடுவுல கொழுப்பு இருக்குறதால இந்தத் தப்பு தெரியாது, மான் நல்ல பாகத்துல 100 கிராமுக்கு 2, 3 கிராம்தான் கொழுப்பு, மறைக்க ஒண்ணும் இல்ல. ஈரல் வாசமும் அதனாலதான், இரும்புச்சத்து அதிகமான கறி, வறண்டு வெந்தா அந்த ருசிதான் முன்னால நிக்கும்.

முதுகுக்கறிய சட்டுனு பண்ணுங்க. ஃப்ரிட்ஜ் உள்ளயே ஒரு நாள் வச்சு இளக விடுங்க, வெளிய மேடையில வைக்காதீங்க. சவ்வு எடுத்ததும் கிலோவுக்கு 10, 12 கிராம் கணக்குல உப்பு தடவி மூடாம ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வைங்க. வினிகர் வேண்டாம்! புளிப்பு கறிக்கு உள்ள போகாது, மேல மட்டும் சாம்பல் நிறமா மாவு மாதிரி ஆக்கிடும், உள்ள மாத்தமே இருக்காது. உப்புதான் உள்ள இறங்கும், தண்ணியப் பிடிச்சும் வைக்கும். அப்புறம் கனமான இரும்புச் சட்டிய புகை வர்ற அளவு காய வச்சு, எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு 2, 3 நிமிஷம், கடைசில வெண்ணெயும் நசுக்கின பூண்டும் போட்டு அந்த வெண்ணெயவே மேல மேல ஊத்துங்க. மிளகு இறக்குறப்ப போடுங்க, முன்னாடியே போட்டா கருகிக் கசக்கும்.

தெர்மாமீட்டர் ஒண்ணு கண்டிப்பா வேணும், மான்கறிக்கு மட்டும் கண் அளவ நம்ப மாட்டேன். சமையல்காரங்க நிறைய பேர் 54, 55ல இறக்குவாங்க, நடு ரோஸ் நிறமா இருக்கும், அதுதான் அதோட உச்சம். பாதுகாப்புக்கு அமெரிக்க அரசு பொதுவா கறிக்குச் சொல்ற அளவு முழுத் துண்டுக்கு 63 டிகிரி, இறக்கி 3 நிமிஷம் ஆற விடணும், கொத்துக்கறின்னா 71. குழந்தைக்குக் குடுக்குறீங்கன்னா 63 வச்சுக்கோங்க, அதுலயும் ஈரப்பசை கொஞ்சம் மிஞ்சும். அடுப்ப விட்டு எடுத்த பிறகும் 2, 3 டிகிரி தானா ஏறும், அத கணக்குல வச்சு முன்னாடியே இறக்குங்க.

முன்னங்கால நேரெதிரா. எலும்போட நல்லா சிவக்க விட்டு, வெங்காயம் நிறைய வதக்கி, தண்ணி பாதி மூழ்குற அளவு, சின்னத் தீயில 3 மணி நேரம். குக்கர்னா 45 நிமிஷம். கரண்டியால தொட்டா எலும்ப விட்டு நழுவணும், நழுவலன்னா இன்னும் அரை மணி விடுங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது.

மிச்சம் இருக்குற பின்தொடைய நாருக்குக் குறுக்க மெல்லிசா சீவி, கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒன்றரை நிமிஷம் வதக்குனா போதும். ஒரேயடியா கொட்டுனா தண்ணி விட்டு வெந்து போன வாரக் கதைதான்.

இலைநிழல்:

சமையல் டிப்ஸ் எல்லாம் சரி, ஆனா கவுச்சி பாதி வேட்டைக் களத்துலயே முடிவாயிடுது, உங்களுக்குக் கறி குடுத்தவருக்கும் இது உதவும்னு எழுதுறேன். நான் இருபது வருஷமா போயிட்டு இருக்கேன்.

அடிபட்டு ரொம்ப தூரம் ஓடுன மான் கறியும் நின்ன இடத்துல விழுந்த மான் கறியும் ஒண்ணு இல்ல. ஓடுன மான் உடம்புல இருக்குற சக்தி எல்லாம் தீந்து போய் கறி கருத்து, விறைச்சு, பிசுபிசுன்னு இருக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும். அதனால உறுதியா படும்னு தெரியாத குண்ட நான் போடறதே இல்ல, மிருகத்துக்குச் செய்யுற மரியாதையும் அதுதான்.

விழுந்த உடனே குடல எடுத்துடணும், குடலோ மூத்திரப்பையோ கிழிஞ்சு கறில பட்டா அந்த இடத்த வெட்டி எறியணும், ஓடத்தண்ணில கழுவுறது இன்னும் பரப்பும். பின்னங்கால் உள்பக்கம் முட்டிகிட்ட முடி கருத்து எண்ணெய்ப் பிசுக்கா ஒரு சுரப்பி இருக்கும், அத தொட்ட கையோட கறியத் தொட்டா நாலு நாள் கழிச்சும் நாறும். இணை சேர்ற காலத்துல ஆண்மானுக்கு வாசம் அதிகம், இளசும் பெட்டையும் சாதுவா இருக்கும்.

சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்குதோ அவ்வளவு நல்லது. தோல் போர்வை மாதிரி சூட்ட உள்ளயே வச்சிருக்கும், வெயில் நாள்னா உரிச்சு ஐஸோட வைக்கணும், ஐஸ் உருகுற தண்ணில கறி ஊறக் கூடாது. 4 டிகிரிக்குக் கீழ கொண்டு வந்துட்டா 3 நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் தொங்க விடலாம், கறி தானா இளகும். செத்ததும் உடம்புல வர்ற விறைப்பு விடுறதுக்கு முன்னாடியே வெட்டி ஃப்ரீசர்ல போட்டா கறி மெல்ல கஷ்டமா ஆயிடும். உங்க பாக்கெட் எப்படி பண்ணாருன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

தெளிநீர்:

மத்தவங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். ஒழுங்கா செஞ்சாலும் அது ஆட்டுக்கறி ருசி ஆகாது. கொழுப்பு இல்லாத, கொஞ்சம் இனிப்பு கலந்த, மண் வாசம் மாதிரி ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுல பாதி பேருக்குப் பிடிக்கும், எங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல. பிடிக்கலன்னா அது சமையல் குறையும் இல்ல, நாக்கு குறையும் இல்ல.

விடியல்_வாசல்:

நாத்தனார் விஷயத்த யாரும் தொடல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், தயவு செஞ்சு முழுசா படிங்க.

முதல்ல குண்டு. ஈயக் குண்டால அடிச்சிருந்தா அது உள்ள போனதும் பொடிப் பொடியா சிதறும், காயத்த விட்டு நல்லா தள்ளியும் போயிருக்கும், கண்ணுக்கும் தெரியாது பல்லுக்கும் படாது. கழுவுனாலும் போகாது, வேக வச்சாலும் போகாது. வயித்துல இருக்குற குழந்தைக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் ஈயம் மூளை வளர்ச்சியக் கெடுக்கும். அதனால கறி குடுத்தவர்கிட்ட ஈயமா செம்பான்னு கேளுங்க. ஈயம்னா உங்க நாத்தனாருக்கும் பொண்ணுக்கும் வேண்டாம், பெரியவங்களும் காயம் பட்ட இடத்தச் சுத்தி தாராளமா வெட்டி எறிஞ்ச கறின்னாதான் சாப்பிடணும்.

ரெண்டாவது, டாக்ஸோபிளாஸ்மா. அரைவேக்காட்டு மான்கறில இருந்து வரக்கூடிய ஒட்டுண்ணி, மாசமா இருக்குறவங்களுக்கு வந்தா குழந்தைக்குப் போகும். அதனால அந்த ரோஸ் நிற முதுகுக்கறி அவங்களுக்குக் கிடையவே கிடையாது. 3 மணி நேரம் வெந்த முன்னங்கால் மட்டும்தான், அதுவும் குண்டு விஷயம் தெளிவான பிறகு, அவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு. பச்சைக் கறி வெட்டுன பலகை, கத்தி, கை எல்லாத்தையும் சோப்பு போட்டு கழுவுங்க.

மூணாவது, மான்களுக்கு வர்ற சிடபிள்யூடின்னு ஒரு மூளை நோய், 1967ல அமெரிக்காவுல கொலராடோவுல முதல்ல கவனிச்சது. ப்ரியான்னு ஒரு கெட்டுப்போன புரதத்தால வருது, அடுப்புச் சூட்டுக்கு அது அழியாது. மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் உறுதியாகல, ஆனா நோய் இருக்குன்னு டெஸ்ட்ல வந்த மான சாப்பிட வேண்டாம்னு அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. அந்த நோய் இருக்குற பகுதின்னா டெஸ்ட் பண்ணாரான்னு கேளுங்க. மெலிஞ்சு எச்சில் ஒழுகி தள்ளாடுற மான்னா தொடவே கூடாது, ஆனா பாக்க நல்லா இருக்குறதுக்கும் இருக்கலாம், அதனாலதான் டெஸ்ட்.

புது_அடுப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பத்து நாள் கழிச்சு வந்து எழுதுறேன். அவருக்கு போன் பண்ணி கேட்டேன், செம்புக் குண்டுதானாம், அவங்க பக்கம் அந்த நோய் இல்லன்னாலும் டெஸ்ட் குடுத்து நல்லபடியா வந்திருக்கு, 5 நாள் தொங்க விட்டுத்தான் வெட்டுனாராம். அப்போ போன வாரம் கெட்டது முழுக்க என் அடுப்புலதான்.

முதுகுக்கறி செஞ்சேன். சவ்வு எடுக்க அரை மணி ஆச்சு, மொதல் ரெண்டு தடவ கறியோட வந்துச்சு, மூணாவது தடவ கத்திய மேல சாச்சதும் ரிப்பன் மாதிரியே வந்துச்சு. 60ல இறக்குனேன், ஆறுறதுக்குள்ள 63 காட்டுச்சு. நாருக்குக் குறுக்க விரல் தடிமனுக்கு வெட்டுனேன், பல்லு வச்சதும் அறுந்துடுச்சு, ஈரல் வாசம் கொஞ்சம்கூட இல்ல. என் பொண்ணு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஒரே ஒரு துண்டுல மட்டும் ஓரமா கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பு விட்டுப் போச்சு, அந்தத் துண்டுல மட்டும் அதே மெழுகு உதட்டுல ஒட்டுச்சு.

நாத்தனார் டாக்டர்கிட்ட கேட்டுட்டாங்க, நல்லா வெந்ததுன்னா சாப்பிடலாம்னு சொன்னாராம். முன்னங்கால் நேத்து 3 மணி நேரத்துல நழுவல, இன்னும் 40 நிமிஷம் விட்டேன், எலும்பு மட்டும் தனியா கையில வந்துடுச்சு. அந்தச் சாறு ஆறுனதும் மேல படிஞ்ச வெள்ளைப் படலத்த கரண்டியால எடுத்துட்டு திரும்ப சூடு பண்ணித்தான் அவங்களுக்குப் பரிமாறுனேன். இனி அந்த ஒரு பின்தொடை பாக்கெட்தான், நாளைக்கு ஃப்ரிட்ஜுக்கு எடுத்து வைக்கணும்.