கிரகரி வாவி வேண்டாம், சத்தமில்லாத மலைக்குளம் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசி:
அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. போன ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். கிரகரி வாவியைச் சுற்றிக் குதிரை, படகு, ஒலிபெருக்கி. "இதுக்குக் காலிமுகத்திடலே போதுமே" என்று சொல்லிவிட்டார். வேனில் இருந்தபடியே பார்க்கக்கூடிய சின்னக் குளம் மலையகத்தில் எங்கே இருக்கிறது?

மஸ்கெலியாக்காரன்:
ஏப்ரல் அங்கே சீசன், அம்மா பாவம்! நான் மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் பிறந்தவன், இப்போது புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறேன். ஆகவே ஊர்ப்பாசத்தோடுதான் சொல்வேன்.

மவுசாகலை சின்னதில்லை. ஆனால் மலை மடிப்புகளுக்குள் கிளைகிளையாகப் பிரிந்து கிடப்பதால், எந்த வளைவில் வண்டியை நிறுத்தினாலும் ஒரு குளமளவுதான் கண்ணுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பேச்சு அக்கரையிலிருந்து கேட்கும், ஆள் தெரியாது. வெயில் ஏறினால் முதலில் சிவனொளிபாதமலை உச்சி, பிறகு தேயிலை, கடைசியாகத்தான் தண்ணீர்.

1969இல் அணை வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் அடியில் போனது. கடும் வறட்சியில் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் தலைகாட்டும். தாத்தா சேற்றைக் காட்டி, "அங்கனதான் நான் முடி வெட்டுன சலூன்" என்பார். படம் எடுக்க வருகிறவர்களுக்கு வற்றிய குளம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

டிசம்பர் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை ஏறும் கூட்டம். அந்த மாதங்களில் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) சனி ஞாயிறும் வேண்டாம்.

மாத்தளை மருமகள்:
சின்னது என்றால் எல்கடுவவில் செம்புவத்தை. ஊற்றுத் தண்ணீரைத் தேக்கிய குளம், பச்சை அப்படியே கண்ணில் ஒட்டும். ஆனால் நுழைவுச்சீட்டு உண்டு, இறங்கி நடக்கவும் வேண்டும். பாதை ஒடுக்கம். பெரிய வேன் என்றால் யோசியுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அக்கா. நடை என்றால் அம்மாவுக்குச் சரிவராது. மவுசாகலைதான். ஆனால் அவ்வளவு தூரமா என்று இழுக்கிறார்.

மஸ்கெலியாக்காரன்:
மவுசாகலையில் தேங்குகிற மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அதை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குப் பெரும்பகுதி குழாய்த்தண்ணீர் வருகிறது. தினமும் தேத்தண்ணி ஊற்றுகிற தண்ணீரின் ஊரைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
சொன்னேன், சிரித்தார். சரியாம். அட்டை கடிக்குமா என்று கேட்கிறார்.

மஸ்கெலியாக்காரன்:
தார் வீதியில் நின்றால் பயமில்லை. புல்லில் கால் வைப்பதென்றால் சவர்க்காரம் பூசிக்கொள்ளட்டும்.