ஊட்கெரூ நூனக்கல்: 1967 வாக்கெடுப்பு எதைத் தந்தது?

கடலோடி:
தொல்குடிக் கவிஞர் ஊட்கெரூ (அன்று காத் வாக்கர்) ஊர் ஊராகப் போய்ப் பேசியிராவிட்டால் ஆஸ்திரேலியத் தொல்குடிகளுக்கு ஓட்டுரிமை வந்திருக்காது. 13 வயதில் பள்ளியை விட்டு வீட்டுவேலைக்குப் போனவர், 1964-இல் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட முதல் தொல்குடி எழுத்தாளர். 1967 அரசியலமைப்புத் திருத்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’ விழுந்ததே, போதாதா?

சட்டப்புள்ளி:
உழைப்பு உண்மை, பலன் வேறு. மத்தியத் தேர்தலில் ஓட்டு 1962-லேயே வந்துவிட்டது; குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1965-இல். 1967 தொட்டது அரசியலமைப்பில் இரண்டு இடங்களை. 51(26)-ஆம் பிரிவில் ‘மாநிலங்களிலுள்ள தொல்குடி இனம் நீங்கலாக’ என்ற சொற்கள் போயின, இவர்களுக்கெனச் சட்டம் போட மத்திய அரசுக்கு வழி திறந்தது. மக்கள்தொகைக் கணக்கில் இவர்களைச் சேர்க்கத் தடைபோட்ட 127-ஆம் பிரிவு முழுசாக நீங்கியது. திருத்தம் வெல்ல நாட்டின் பெரும்பான்மையோடு ஆறில் நான்கு மாநிலங்களும் வேண்டும். ஆறுமே ‘ஆம்’ என்றன. அதே நாளில் கேட்ட இன்னொரு கேள்வி படுதோல்வி!

முரண்டு:
அப்போ காகிதத் திருத்தம்தானே? 1970-இல் எம்.பி.ஈ. என்ற பிரிட்டிஷ் விருதை வாங்கிக்கொண்டு, பிரிட்டிஷ் குடியேற்றத்தின் 1988 இருநூற்றாண்டு விழாவை எதிர்த்துத் திருப்பிக் கொடுத்ததும் நாடகமாகத்தான் படுகிறது.

சட்டப்புள்ளி:
காகிதமா? 1963-இல் பிரதமர் மென்சிஸ் மது கொடுக்க வந்தபோது, ‘குயின்ஸ்லாந்தில் இதைச் செய்தால் நீங்கள் சிறைக்குப் போவீர்கள்’ என்றாராம் ஊட்கெரூ. அங்கே தொல்குடிகளுக்கு மது கொடுப்பது குற்றம்; மாநிலச் சட்டத்தின் பிடி அப்படி. அதை மீற மத்திய அதிகாரம் வேண்டும். தொல்குடிகளின் மரபுவழி நில உரிமையை ஏற்கும் பூர்வநில உரிமைச் சட்டம் நிற்பதே 51(26)-இன் மேல்தான்; 1995-இல் உயர் நீதிமன்றமும் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) அதை உறுதிசெய்தது. 1993 செப்டம்பரில் ஊட்கெரூ இறந்தார், டிசம்பரில் அந்தச் சட்டம் நிறைவேறியது. அவர் பிறந்த மின்ஜெரிபா தீவில் அங்குள்ள தொல்குடியான குவாண்டமூக்கா மக்களின் நில உரிமை ஏற்கப்பட்டது 2011 ஜூலை 4-இல்.

முரண்டு:
பாதிக் கதை. 51(26)-இல் ‘நன்மைக்காக’ என்ற சொல் இல்லை. தென் ஆஸ்திரேலியாவின் ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்டுவதற்காகத் தொல்குடி மரபுப் பாதுகாப்பை நாடாளுமன்றமே விலக்கியது. 1998-இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கொடுக்கிற கைதான் பிடுங்கவும் செய்யும்.

சட்டப்புள்ளி:
இதை ஒப்புக்கொள்கிறேன், வரைவிலேயே உள்ள ஓட்டை அது. விருது விஷயத்தில் மட்டும் ஒப்பவில்லை. திருப்பித் தந்ததோடு பெயரையும் மாற்றினார். ஊட்கெரூ என்றால் பட்டை உரியும் காகிதப்பட்டை மரம். நாடகமென்றால் மேடை இறங்கியதும் பழைய பெயருக்குத் திரும்பியிருப்பாரே?

கடலோடி:
முதல் பதிவில் ‘ஓட்டுரிமை’யை அடித்து ‘51(26), 127’ என்று திருத்திவிடுகிறேன்.