டிக், லேக்: சனிக்கிழமைக்குள் மூன்று சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிறு காலை நூலகத்தில் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் என்ற கணினி ஆட்ட வகுப்பு. போன வாரம் ஒருவன் இயற்பியல் மாட் (ஆட்டத்தை மாற்ற மேலே செருகும் நிரல்) ஒன்றைப் போட்டுவிட்டான். கல்லை உடைத்தால் சில்லு சில்லாகச் சிதறி உருண்டோடுகிறது, பார்க்க அழகு. நாலு டிஎன்டி வெடித்ததும் கணினிக்கு மூச்சு முட்டிவிட்டது. “லேக் அடிக்குது சார்” என்று ஒரே கூச்சல். ஒரு பையன் ஜாவாவுக்கு 2 ஜிபி இருந்த நினைவகத்தை 6 ஆக்கிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

லேக் என்று அவர்கள் சொல்வது இரண்டு நோய். ஒன்று, படம் வெட்டி வெட்டி ஓடுவது. ஒவ்வொரு சில்லும் எதில் மோதும், எங்கே விழும் என்று கணக்குப் போட்டு வரைவதற்குள் கணினி களைத்துவிடுகிறது. சில்லுகளைக் குறைத்தால் சரியாகும். மற்றது, ஆட்ட உலகமே பின்தங்குவது. அது நொடிக்கு 20 டிக், அதாவது 20 சிற்றடி, நகரவேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால், உடைத்த மரக்கட்டை மறுபடி முளைத்து நிற்கும். டிக்குக்கு ஒரு சொல், இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு சொல். வகுப்புக் கையேடு சனி இரவு அச்சுக்குப் போகிறது.
- க.

தம்பி க.,
டிக்குக்குச் சொல் தேடுவானேன்? “கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை” என்று தொல்காப்பியர் எழுதிவைத்துவிட்டார். டிக் என்பது மாத்திரை. மாத்திரை தன் அளவுக்கு மேல் நீண்டால் அளபெடை. உங்கள் உலகம் பின்தங்குவது அதுதான். விட்டதைப் பிடிக்க, உலகை நடத்தும் சேவையகம் (சர்வர்) சில டிக்கைத் தாண்டிக் குதித்தால் அது குறுக்கம். மூன்று கேட்டீர்கள், படத்துக்கு மட்டும் நாளை தருகிறேன்.
- பெ.

ஐயா, “மாத்திரை 50-ஐத் தாண்டிவிட்டது” என்றால் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார்கள். அளபெடையைப் பத்தாம் வகுப்பிலேயே பாதிப் பேர் மறந்தாயிற்று. டிக்குக்குத் துடிப்பு போதும். படத்துக்குத் திக்கல் என்று எழுதி, அடித்துவிட்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேச்சு திக்கும்.
- வி.

எங்கட பக்கம் பஸ் பிந்தினால் “சுணங்கிப் போச்சு” என்பம். உலகம் பின்தங்குவது சுணக்கம். தமிழ்நாட்டுப் பத்திரிகையிலும் “பணிகளில் சுணக்கம்” வருகிறதே.
- த., யாழ்ப்பாணம்

சுணங்கு என்றால் சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் படரும் தேமல். சேவையகத்துக்குத் தேமலா? நிகண்டில் சுணங்கன் என்றால் நாய்.
- பெ.

பெ. ஐயா, சுணங்குக்கு நேற்றிரவு மட்டும் நீங்கள் அனுப்பியது நாலு மடல். நான் பசலைக்கும் தேமலுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகக் கற்றுக்கொண்டேன். இன்னும் டிக் நகரவில்லை.
- வி.

சரி, நேரமில்லை. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்: டிக், துடிப்பு. உலகம் பின்தங்கினால் சுணக்கம். படம் வெட்டினால் படவெட்டு. “எஃப்3 அழுத்து. நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃப்ரேம்) என்ற எண் விழுந்தால் படவெட்டு. சில்லு எண்ணிக்கையைக் குறை. துடிப்பு 50 மில்லிநொடிக்கு மேல் போனால் சுணக்கம். எந்த மாட் என்று தேடு. இரண்டுக்கும் முதல் வேலை, மாட்டை நீக்கிவிட்டுப் பார்.” ஐந்து பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள், மூன்று பேர் களைப்பில்.
- க.

எனக்குச் சம்மதமில்லை. படவெட்டு என்றால் தணிக்கைக்காரர் கத்திரி போட்டதாக நினைப்பார்கள். அளபெடையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.
- பெ.

அண்ணே, அச்சுக்கு அனுப்புமுன் ஒன்று. “மாட்டை நீக்கிவிட்டுப் பார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் நிஜமாகவே மாடு மேய்கிறது. என் மகள் கையேட்டைப் படித்துவிட்டு வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாட்-க்கு ஒரு சொல்?
- வி.