இடது ஹிப்போகேம்பஸ் சுருக்கம்: ஓர்மைக் குறைவுக்கு அது மட்டும்தான் காரணமா?

தக்கலை_செவிலி
தம்பிக்கு 27 வயது, வலதுகைக்காரன். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்திருக்கிறது. இப்போது வருவது இப்படி: வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறும், அப்புறம் முறைத்த பார்வை, உதடு சப்புக்கொட்டும், இடது கை சட்டைப் பொத்தானை நிமிண்டும், வலது கை முறுக்கி விறைக்கும். ஒன்றரை நிமிடத்தில் முடியும். மாதம் மூன்று நான்கு முறை. கார்பமசிபின் நாளுக்கு 800 மி.கி., டோபிரமேட் 200 மி.கி. ஓடுகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இடது மீசியல் டெம்போரல் ஸ்கிளிரோசிஸ், அதாவது ஓர்மையைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி இடதுபக்கத்தில் சுருங்கித் தழும்பாகியிருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். வழி, முகம் மறப்பதில்லை. பேர், பட்டியல், ஆண்டுகள் நிற்கவில்லை. படித்த அன்று ராத்திரி கேட்டால் சரியாகச் சொல்வான். அடுத்த வாரம் அப்படியொரு பாடமே ஓர்மையில் இருக்காது. காரணம் தழும்பா, மருந்தா? ஆபரேஷன் செய்தால் உள்ளதும் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

கோட்டாறு_நரம்பியல்
நீங்கள் எழுதிய அடையாளங்களே இடதுபக்கத்தைக் காட்டுகின்றன. விறைக்கும் கைக்கு எதிர்ப்பக்க மூளையில்தான் பொதுவாக வலிப்பு தொடங்கும். ஹிப்போகேம்பஸில் எல்லாச் செல்லும் ஒரேயடியாக அழிவதில்லை: அதன் உட்பகுதிகளில் சி.ஏ.1, சி.ஏ.4 அதிகம் போகும், சி.ஏ.2 பெரும்பாலும் தப்பிக்கும். புதிதாகக் கேட்டதைப் பதியவைக்கும் பாதை அதனால் பலவீனமாகிறது. பேச்சை மூளையின் இடதுபக்கம் நடத்துபவர்களுக்கு இடது ஹிப்போகேம்பஸ் கெட்டால் சொல், பேர், பட்டியல் அடிபடும். வலது கெட்டால் இடம், உருவம் அடிபடும் என்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது பாதி சோதனையில் அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை.

ஆனாலும் பழியைத் தழும்பின் தலையில் மட்டும் போடாதீர்கள். டோபிரமேட் 200 மி.கி.யில் சொல் நுனிநாக்கில் நின்று வராமல் போவதும் கவனம் சிதறுவதும் சாதாரணம். அது பதிவதற்கு முன்னாலேயே வரும் தடங்கல், வெளியிலிருந்து பார்த்தால் மறதி மாதிரியே இருக்கும். கார்பமசிபின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், அதுவே மந்தத்தைத் தரும். சோடியம், பி12, தைராய்டு மூன்றையும் முதலில் பாருங்கள். மருந்தை மாற்றுவதென்றால் டாக்டர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீங்களாக நிறுத்தினால் நில்லாத வலிப்பில் போய் முடியலாம். லெவெடிரசெட்டமுக்கு மாறினால் ஓர்மைக்கு நல்லது, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கூடும். வீட்டில் எல்லாரிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

சொல்பட்டியல்
அன்று சரி, அடுத்த வாரம் காணோம் என்பது காதுப்பக்க மூளையில் தொடங்கும் டெம்போரல் வலிப்பில் தெரிந்த சங்கதி. ஓர்மைச் சோதனையில் சொற்பட்டியலைப் பலமுறை வாசித்துக் காட்டி, 20 அல்லது 30 நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். தம்பி அதில் தேறிவிடக்கூடும். அறிக்கையும் 'இயல்பு' என்று வரும். ஒரு வாரம் கழித்துப் போனில் அதே பட்டியலைக் கேட்க முடியுமா என்று முன்னதாகவே பேசிவையுங்கள்.

இந்தச் சோதனைக்குத் திருவனந்தபுரம் போனால் அவன் எந்த மொழியில் படித்தான் என்று முதலிலேயே சொல்லுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் பேசுவதால் மலையாளப் பட்டியலையே கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. தமிழில் படித்தவனுக்கு அதில் மதிப்பெண் குறையும், அந்தக் குறைவு மூளைக் கோளாறின் கணக்கில் ஏறிவிடும். மனச்சோர்வுக்கான கேள்வித்தாளையும் கேட்டு வாங்குங்கள். 'எனக்கு மறக்கிறது' என்ற புகார் பல நேரம் சோதனை மதிப்பெண்ணைவிட மனநிலையோடுதான் ஒட்டிப்போகிறது.

வீட்டில் ஒன்று செய்யலாம். ஒரு தமிழ் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிவையுங்கள். வலிப்பு நின்றதும் முன்னால் பிடித்து வாசிக்கச் சொல்லி, போனில் வீடியோ எடுங்கள். சரியாக வாசிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பேச்சு இருக்கும் பக்கத்தில்தான் வலிப்பு என்பதற்கு அது நல்ல குறிப்பு. வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம்.

தக்கலை_செவிலி
நன்றி. எம்.ஆர்.ஐ. எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, பிலிம் மட்டும்தான் கையில் இருக்கிறது. ஆபரேஷன் பற்றியும் சொல்லுங்களேன்.

கோட்டாறு_நரம்பியல்
பிலிம் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகடு (சிடி) வேண்டும். சாதாரண ஸ்கேனில் 5 மி.மீ. துண்டுகளாக எடுப்பார்கள், அதில் ஹிப்போகேம்பஸின் உள்ளடுக்கு தெரியாது. 'வலிப்பு புரோட்டோகால்' என்று கேட்டு, முடிந்தால் 3 டெஸ்லா காந்தவலிமையுள்ள கருவியில், 1 மி.மீ. முப்பரிமாணப் படங்களோடு, ஹிப்போகேம்பஸின் நீளத்துக்குக் குறுக்காக வெட்டிய டி2 என்ற வகைப் படங்களும் எடுக்கச் சொல்லுங்கள். சுருக்கம், டி2வில் வெளுப்பு, உள்ளடுக்கு மறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே இல்லை.

பொருத்தமான இரண்டு மருந்தை உரிய அளவில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றே கணக்கு. மூன்றாவது, நான்காவது என்று மாற்றிக்கொண்டே வருஷங்களைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதலே தழும்பான பகுதியை எடுக்கும் அறுவை நடக்கிறது. 2001இல் வந்த கனடா ஆய்வில் 40 பேருக்கு அறுவை, 40 பேருக்கு மருந்து என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டில் நினைவிழக்கும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பக்கம் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 8.

அம்மாவின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற வலிப்பு நோயாளிக்கு ஹிப்போகேம்பஸை இரண்டு பக்கமும் எடுத்தார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் ஓர்மையில் நிற்கவில்லை. இப்போது ஒரு பக்கம்தான், அதுவும் மறுபக்கம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு. அதற்காக இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பல ஆய்வுகளைத் தொகுத்த 2011 கணக்குப்படி இடதுபக்க அறுவையில் சொல் ஓர்மை குறைந்தவர்கள் 44 சதவீதம், வலதுபக்கத்தில் 20.

இதில் ஆள் பார்த்துத்தான் முடிவு. சுருங்கிய ஹிப்போகேம்பஸ், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் என்றால் இழக்க அதிகம் இல்லை. ஸ்கேன் நன்றாக, ஓர்மையும் நன்றாக இருப்பவர்தான் அதிகம் இழப்பார். அதனால்தான் அறுவைக்கு முந்தைய சொற்பட்டியல் சோதனை கட்டாயம். டோபிரமேட் குறைத்து, அது நிலைப்பட்ட பிறகு அந்தச் சோதனையை வைத்தால் மருந்தின் மந்தம் தழும்பின் பேரில் எழுதப்படாது.

சொல்பட்டியல்
பரீட்சைக்கு: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. வழியும் முகமும் நிற்கிறது என்கிறீர்கள், ஆண்டுகளை வரைபடத்திலும் ஊர்ப் படங்களிலும் எழுதிப் படிக்கட்டும். ராத்திரி கண்விழித்து மட்டும் படிக்கக்கூடாது. தூக்கம் கெட்டால் வலிப்பும் வரும், படித்ததும் நிற்காது.