பழைய டிசைனர் பெயரில் மாட்டிக்கொண்ட டாட் இன் டொமைன்: மீட்க வழி உண்டா?

வணக்கம். ஈரோட்டில் சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். சென்னிமலைப் போர்வை விற்கும் கிளையண்ட் ஒருவரின் டாட் இன் டொமைன், 2019இல் தளம் செய்துகொடுத்த டிசைனரின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. அவர் இப்போது தொடர்பிலேயே இல்லை. போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை. அடுத்த மாதம் டொமைன் காலாவதி ஆகிறது. பில் புத்தகம், கட்டைப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சாகியிருப்பது இந்த முகவரிதான். ஆர்டர் வரும் மின்னஞ்சலும் இதில்தான் ஓடுகிறது.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் (WHOIS) தேடலில் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருக்கிறது. டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராருக்கு ஜிஎஸ்டி சான்றிதழும் அன்று பணம் கட்டிய ரசீதும் அனுப்பினோம். கணக்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் டொமைனை மாற்றத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோடு தருவோம் என்கிறது ரிஜிஸ்ட்ரார். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், ஆனால் கடைக்காரர் என்ன செய்வார்? புதுப்பிக்க மட்டும் பணம் கட்டலாமா என்றேன். கணக்குக்குள் நுழையாமல் முடியாதாம். ஹோஸ்டிங் எங்கள் கையில் இருப்பதால் தளத்தை பேக்கப் எடுத்துவிட்டேன்.

டாட் இன் டொமைன்களை நிர்வகிக்கும் நிக்ஸியின் (NIXI) ஐஎன்டிஆர்பி (INDRP) என்ற டொமைன் தகராறு தீர்வு முறையில் புகார் கொடுக்கலாம் என்று படித்தேன். ஆனால் கடைப் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு கிடையாது.

டிரேட்மார்க் இல்லாமல், ஜிஎஸ்டி சான்றிதழையும் பழைய ரசீதுகளையும் மட்டும் காட்டி டாட் இன் டொமைனை யாராவது மீட்டிருக்கிறீர்களா?